மெழுகிலிருந்து மரப்பெட்டி வரை: வார்ப்புக் கண்ணாடியோடு வெளிநாட்டுப் பட்டறைக்குப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டுக் கண்ணாடிப் பட்டறை ஒன்றில் இரண்டு வாரம் இடம் கிடைத்துவிட்டால், என்ன உருவம் செய்யலாம் என்பதுதான் முதலில் மனதில் ஓடும். சூளையில் கண்ணாடி வார்ப்பவர் அதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: உருவத்தின் மிகத் தடித்த இடம் எத்தனை சென்டிமீட்டர்? சூளைக்குள் வேலை எத்தனை நாள் கிடக்கும் என்பதை அந்த எண்தான் தீர்மானிக்கிறது. 5 செ.மீ. தடிமனுள்ள, மேடுபள்ளமான வார்ப்பை முறையாக ஆற்றி எடுக்க ஏழு நாள் ஆகும். மெழுகு உருவத்துக்கு மூன்று நாள், அச்சு ஊற்றி மெழுகை இறக்கி உலரவிட இரண்டு நாள், சூடேற்ற ஒரு நாள் என்று சேர்த்தால் பதின்மூன்று நாள் போய்விட்டது. தேய்க்க, பாலிஷ் போட ஒரே நாள்தான் மிச்சம். அதே உருவத்தை 2.5 செ.மீ.க்குள் அடக்கினால் ஆற்றுவது இரண்டு நாளில் முடிந்துவிடும். ஆகவே பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே தடிமனை முடிவுசெய்துகொள்ளுங்கள்.

இங்கே சொல்லப்போவது மெழுகு உருவம், பிளாஸ்டர்-சிலிக்கா அச்சு, மின்சூளை ஆகிய மூன்றையும் வைத்துச் செய்யும் வார்ப்பு முறை. ஊதும் பட்டறைக்கு இரவு பகலாக எரியும் உலை வேண்டும். வார்ப்புக்கு ஒரு சிறிய மின்சூளை போதும் என்பதால், வீட்டில் பழகிக்கொண்டு வெளியே போகிறவர்களுக்கு இதுவே பொருத்தமான வழி. செக் நாட்டின் ஜெலெஸ்னி பிரோத் ஊரில் ஸ்தானிஸ்லவ் லிபென்ஸ்கீ, யாரொஸ்லாவா பிரிக்தோவா தம்பதி வார்ப்புக் கண்ணாடியைப் பெருஞ்சிற்பமாக வளர்த்தெடுத்தார்கள். 1962-ல் அமெரிக்காவின் டொலீடோ கலை அருங்காட்சியகத்தில் ஹார்வி லிட்டில்டன் நடத்திய இரண்டு பயிலரங்குகள், தொழிற்சாலைக்கு வெளியிலும் கலைஞர் தாமே கண்ணாடி உருக்க முடியும் என்று காட்டின. இன்று வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்டான்வுட் அருகே 1971-ல் தொடங்கிய பில்சக் பள்ளி, நியூயார்க் மாநிலத்தில் கார்னிங் அருங்காட்சியகத்தின் ஸ்டூடியோ, ஜெர்மனியின் பவேரியாவில் ஃபிரௌவெனாவ் ஊரின் பில்ட்-வெர்க், ஜப்பானில் தொயாமா, இஸ்தான்புல் அருகே உள்ள கிளாஸ் ஃபர்னஸ் எனப் பல இடங்களில் வெவ்வேறு நாட்டுக்காரர்கள் ஒரே மேசையில் வேலை செய்கிறார்கள். பேச்சு ஆங்கிலத்திலோ ஜெர்மனிலோ நடக்கும். வேலை நடப்பது எண்களில். "நன்றாகச் சிவந்ததும் நிறுத்தினேன்" என்பது உங்கள் சூளைக்கு மட்டும் புரியும். "830-ல் மூன்றரை மணி நேரம்" என்றால் எந்த நாட்டுத் தொழில்நுட்பரும் தலையாட்டுவார். (இங்கே சொல்லும் சூடெல்லாம் செல்சியஸ் அளவில்.)

குறிப்பேடு

ஒரு வார்ப்புக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இப்படி இருந்தால் போதும்:

வேலை: சிறு கிண்ணம், மூன்றாம் வார்ப்பு. கண்ணாடி: புல்ஸ்ஐ (தயாரிப்பாளரின் பெயர்), நிறமற்றது, கட்டி. எடை 1,650 கிராம். மிகத் தடித்த இடம் 24 மி.மீ., மிக மெல்லிய இடம் 9 மி.மீ. அச்சு: தண்ணீர் 1, பிளாஸ்டர் 1, சிலிக்கா 1, எடைக்கு எடை, சுவர் 22 மி.மீ. அச்சின் எடை ஊற்றியபோது 4,310, சூளைக்குள் போகும்போது 3,870. வெப்பமானி இடப்பக்கச் சுவரில், தளத்திலிருந்து 9 செ.மீ. உயரத்தில். 830-ல் மூன்று மணி நேரம். கண்ணாடி உருகி இறங்கும் தொட்டியில் 60 கிராம் ஒட்டி நின்றது. விளிம்பில் இரண்டு இடத்தில் நிரம்பவில்லை. அடுத்த முறை: காற்றுத்துளை இரண்டு.

வெப்பமானி இருக்கும் இடத்தை ஏன் எழுத வேண்டும்? சூளையின் திரை காட்டுவது அந்த முனையின் சூடு மட்டுமே. கண்ணாடியின் சூடு அதற்குக் கூடவோ குறையவோ இருக்கலாம். இரண்டு சூளை ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டே 15, 20 டிகிரி வித்தியாசப்படுவது சகஜம். புதிய ஊரில் புதிய சூளை கிடைத்ததும் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். 3 மி.மீ. தடிமன், 2.5 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளமுள்ள ஒரு கண்ணாடிப் பட்டையை இரண்டு செங்கல் தூண்கள் மேல் பாலம்போல் வைத்து, வீட்டுச் சூளையில் வைத்த அதே வேகத்தில் 650 டிகிரிவரை ஏற்றி, பத்து நிமிடம் நிறுத்தி ஆற்றுங்கள். பட்டையின் நடு எத்தனை மி.மீ. தொங்கியிருக்கிறது என்று அளந்து வீட்டுப் பட்டையோடு ஒப்பிடுங்கள். அதிகம் தொங்கினால் புதிய சூளை சூடு கூடியது, குறைவாகத் தொங்கினால் சூடு குறைந்தது. விலையுயர்ந்த கண்ணாடி முழுவதையும் பணயம் வைப்பதற்குப் பதில் ஒரு பட்டையோடு தெரிந்துகொள்ளலாம்.

எந்தக் கண்ணாடி

ஒரே வார்ப்பில் இரண்டு வகைக் கண்ணாடியைக் கலப்பதாக இருந்தால், இரண்டும் சூடேறும்போது ஒரே அளவு விரிந்து, ஆறும்போது ஒரே அளவு சுருங்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றை ஒன்று இழுத்துப் பிளக்கும். விரிவுக்கெழு என்று ஒரு எண்ணைத் தயாரிப்பாளர்கள் தருவார்கள். 90, 96 என்று பட்டறைகளில் பேசிக்கொள்வது அதைத்தான். ஆனால் எண் ஒன்றானால் கண்ணாடிகள் பொருந்திவிடும் என்று நம்பிவிடாதீர்கள். அந்த எண் சாதாரணமாக 300 டிகிரிக்குக் கீழே அளந்தது. ஆபத்து விளைவது அதற்கு மேலே, கண்ணாடி இறுகும் கட்டத்தில். அங்கே இரண்டு கண்ணாடிகளின் பிசுப்புத்தன்மையும் ஒத்துப்போக வேண்டும். ஆகவே ஒரே தயாரிப்பாளர் பொருத்தம் சோதித்து விற்கும் வரிசைக்குள்ளேயே இருங்கள். ஜன்னல் கண்ணாடியையும் வார்க்கலாம்; ஒரே தாளிலிருந்து வெட்டிய துண்டுகளை மட்டும் பயன்படுத்துங்கள், வேறெதையும் கலக்காதீர்கள். பாட்டில் கண்ணாடிக்கும் இதே விதிதான்.

சந்தேகம் இருந்தால் நிறக் கண்ணாடியின் நகமளவு சில்லை நிறமற்ற பட்டையின் மேல் வைத்து 800 டிகிரியில் உருக்கி, ஆற்றி, முனைவாக்கும் (போலராய்டு) தாள் இரண்டுக்கு நடுவே பிடித்துப் பாருங்கள். தாள் இல்லையென்றால் மடிக்கணினியின் எல்சிடி திரையை வெள்ளையாக்கிக்கொண்டு, போலராய்டு குளிர்கண்ணாடியை அதன் முன் திரை கறுக்கும்வரை திருப்புங்கள். இரண்டுக்கும் நடுவில் பட்டையை வையுங்கள். சில்லைச் சுற்றி வெளிச்ச வளையம் தெரிந்தால் அங்கே இறுக்கம் இருக்கிறது. அந்த ஜோடியை விட்டுவிடுங்கள். முடிந்த வேலையையும் இதே முறையில்தான் பார்க்க வேண்டும்.

அச்சு

மெழுகு உருவம் செய்வதைச் சுவாமிமலை ஸ்தபதிகளிடம் பார்த்தவர்களுக்கு முதல் பாதி பழக்கமானதுதான். தேன்மெழுகு, அதில் கலக்கும் குங்கிலியம், சூடான கத்தியால் ஒட்டுவது எல்லாம் இங்கேயும் உதவும். அதற்குப் பிறகு பாதை பிரிகிறது. வெண்கலத்துக்குப் போடும் மண் அச்சு சூட்டில் கெட்டியாகும். உருகிய உலோகத்தை ஊற்றி, ஆறியதும் உடைத்து எடுத்தால் உலோகம் தாங்கும். கண்ணாடியோ அச்சோடு சேர்ந்து நாள்கணக்கில் ஆறிச் சுருங்க வேண்டும். கெட்டியான அச்சு விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொண்டால் கண்ணாடிதான் உடையும். அதனால் சூட்டைத் தாங்கி, கடைசியில் விரலால் பிட்டால் உதிரும் அளவுக்குப் பலவீனமாகிவிடும் அச்சு தேவை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் நுண்ணிய சிலிக்கா மாவும் சம எடையில் சேர்ந்த கலவை அப்படிப்பட்டது.

எடையில் தண்ணீர் ஒரு பங்கு, உலர்கலவை இரண்டு பங்கு. ஒரு கிலோ தண்ணீருக்கு ஒரு கிலோ பிளாஸ்டர், ஒரு கிலோ சிலிக்கா. இதிலிருந்து ஏறக்குறைய ஒன்றே முக்கால் லிட்டர் குழம்பு கிடைக்கும். குளிர்ந்த தண்ணீரில் பொடியைத் தூவுங்கள். பொடியில் தண்ணீரை ஊற்றினால் கட்டி கட்டியாகும். இரண்டு நிமிடம் தொடாமல் ஊறவிட்டு, கையை அடியில் வைத்தபடி மூன்று நான்கு நிமிடம் கலக்குங்கள். கை மேலே வந்து அலம்பினால் காற்றுக்குமிழ் சேரும். குமிழ் மெழுகில் ஒட்டினால் கண்ணாடியில் அது பருவாக வரும், அதைத் தேய்த்து எடுக்க அரை நாள் போகும். முதல் பூச்சைத் தூரிகையால் மெழுகின் மூலைமுடுக்கெல்லாம் தடவி, அது இறுகுவதற்குள் மீதியை ஊற்றிவிடுங்கள். சுவர் எல்லாப் பக்கமும் 2 முதல் 2.5 செ.மீ. ஓரிடம் 1 செ.மீ., ஓரிடம் 4 செ.மீ. என்று இருந்தால் கண்ணாடியும் அப்படியே ஏற்றத்தாழ்வாக ஆறும்.

சிலிக்கா மாவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூசி நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் வரும், வந்தால் போகாது. கல்லுடைக்கும் தொழிலாளர்களை வாட்டும் அதே நோய். துணி முகக்கவசம் உதவாது. குறைந்தது என்95, முடிந்தால் பி100 வடிகட்டி வைத்த முகமூடி அணியுங்கள். தாடி இருந்தால் அது முகத்தோடு ஒட்டாது. தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். சூளையிலிருந்து வந்த அச்சை உடைக்கும்போதும் இதே கவனம் வேண்டும், ஏனென்றால் அப்போதுதான் அது இன்னும் மெல்லிய தூளாகப் பறக்கும். பல வெளிநாட்டுப் பட்டறைகளில் முகமூடி இல்லாமல் கலவை அறைக்குள் விடமாட்டார்கள், அது சரியான விதி.

அச்சு இறுகி முக்கால் மணி நேரம் ஆனதும் துணி ஸ்டீமரின் நீராவியை உள்ளே செலுத்தி மெழுகை வடியுங்கள். மெழுகைச் சூளையிலேயே எரித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். கரி அச்சில் படிந்து கண்ணாடியைக் கறுக்கச் செய்யும், புகை சூளைக் கம்பிகளையும் கெடுக்கும். கடைசியில் கொதிநீரை ஊற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். வடியும் தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தால் இன்னும் மெழுகு இருக்கிறது.

எவ்வளவு கண்ணாடி வேண்டும்? அச்சின் குழிக்குள் தண்ணீர் ஊற்றி அளக்கலாம், ஆனால் அச்சு தண்ணீரை உறிஞ்சிவிடும். மெழுகு உருவத்தை முன்கூட்டியே தண்ணீரில் அமிழ்த்தி, ஏறிய நீரின் அளவைக் குறித்துக்கொள்வதே சரியான வழி. மில்லிலிட்டரை 2.5-ஆல் பெருக்கினால் கிராம் கிடைக்கும். 600 மி.லி. உருவத்துக்கு 1,500 கிராம். தொட்டியில் ஒட்டுவதற்குப் பத்து சதவீதம் சேர்த்து 1,650.

தொட்டி என்றால் சாதாரண மண் பூந்தொட்டிதான். அச்சின் வாய்க்கு மேலே அதை வைத்துக் கண்ணாடிக் கட்டிகளை உள்ளே அடுக்கினால், உருகியது அடித்துளை வழியாகத் தேன்போல் ஒழுகி அச்சை நிரப்பும். துளையை 2.5 செ.மீ.க்குக் குறையாமல் அகலப்படுத்துங்கள். சிறிய துளையில் கண்ணாடி நூலாக இறங்கி, மடிப்பு மடிப்பாய் விழுந்து காற்றைச் சிறைபிடிக்கும். நம் ஊர்த் தொட்டிகள் குறைந்த சூட்டில் சுட்டவை. காலித் தொட்டியை ஒருமுறை 830 டிகிரிவரை தனியாகச் சுட்டு, விரிசல் விடாததை மட்டும் எடுங்கள். அச்சுக்குள் கீழிருந்து மேலே காற்று வெளியேற, உருவத்தின் உயர்ந்து நிற்கும் ஒவ்வொரு முனையிலிருந்தும் பென்சில் பருமனில் ஒரு காற்றுத்துளை விடுங்கள். மெழுகு உருவத்தில் மெழுகுக் குச்சியை ஒட்டிவைத்தாலே துளை வந்துவிடும்.

சூடேற்றுவது

95 டிகிரியில் ஆறு மணி நேரம் நிறுத்துங்கள். தண்ணீர் கொதிக்காமல் ஆவியாகி வெளியேற இந்த நேரம். அவசரப்பட்டு 100-ஐத் தாண்டினால் நீராவி அச்சைப் பிளக்கும். அங்கிருந்து மணிக்கு 55 டிகிரி வேகத்தில் 675 வரை ஏற்றுங்கள். நடுவில் 573 டிகிரியில் சிலிக்காவின் படிகம் திடீரென விரியும், வேகமாகப் போனால் அச்சில் மயிரிழை விரிசல் விழும். அந்த விரிசல் வழியாகக் கண்ணாடி ஒழுகிச் சிறகுபோல் நீட்டிக்கொண்டு நிற்பதைப் பல வார்ப்புகளில் பார்க்கலாம். 675-ல் இரண்டு மணி நேரம் நிறுத்தி, பிறகு வேகமாக 830-க்கு ஏற்றி, மூன்று மணி நேரம் நிறுத்துங்கள். பார்வைத்துளை வழியாகக் கறுப்புக் கண்ணாடி அணிந்து பாருங்கள். தொட்டி காலியாகி, அச்சின் வாயில் கண்ணாடி மட்டமாக நின்றால் முடிந்தது. நிரம்பவில்லையென்றால் நேரத்தைக் கூட்டுங்கள், சூட்டைக் கூட்டாதீர்கள். சூடு அதிகமானால் பிளாஸ்டர் சிதைந்து அச்சு இளகும். 870-ஐ எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

நிரம்பியதும் 482 வரை எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக இறக்குங்கள். 760-க்கும் 650-க்கும் நடுவில் தாமதித்தால் கண்ணாடியின் மேல் வெண்படிகம் பூக்கும்.

இனி ஆற்றுவது, பட்டறைகளில் அனீலிங் என்பார்கள். புல்ஸ்ஐ கண்ணாடிக்கு 482 டிகிரியில் நிறுத்தி, வார்ப்பு முழுவதும் ஒரே சூட்டுக்கு வரவிட்டு, பிறகு உள்ளும் புறமும் சேர்ந்தே ஆறும் வேகத்தில் இறக்க வேண்டும். தயாரிப்பாளர் தரும் அட்டவணை இருபக்கமும் சமமாக ஆறும் மட்டமான பலகைக்கானது. அச்சுக்குள் கிடக்கும் மேடுபள்ளமான உருவத்துக்கு, அதன் தடித்த இடத்தைப்போல் இரண்டு மடங்கு தடிமனுக்குரிய வரியைப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் சொன்ன ஏழு நாள் இந்த இரட்டிப்பால் வருவது.

2.5 செ.மீ. உருவத்துக்கு 50 மி.மீ. வரி: 482-ல் 8 மணி நேரம், மணிக்கு 3.8 டிகிரி வீதம் 427 வரை; 6.8 வீதம் 371 வரை. 22 வீதம் அறைச்சூடு வரை. மொத்தம் 47 மணி நேரம்.

5 செ.மீ. உருவத்துக்கு 100 மி.மீ. வரி: 16 மணி நேரம், மணிக்கு 0.94 வீதம் 427 வரை, 1.7 வீதம் 371 வரை, 5.6 வீதம் அறைச்சூடு வரை. மொத்தம் 170 மணி நேரம்.

தடிமன் இரட்டித்தால் ஆறும் வேகம் நான்கில் ஒன்றாகிறது. வெப்பம் கண்ணாடிக்குள் நகரும் விதமே அப்படி, இதில் பேரம் பேச முடியாது. அவசரமாக ஆற்றிய வார்ப்பு சூளையிலிருந்து முழுசாகவே வெளியே வரலாம். உள்ளே இறுக்கத்தை வைத்துக்கொண்டு, மூன்று மாதம் கழித்து வேறு நாட்டுக் காட்சிக்கூடத்தில் விளக்குச் சூட்டிலோ விமானச் சரக்கறைக் குளிரிலோ பிளக்கும். அப்போது பழியெல்லாம் பொட்டலம் கட்டியவர் தலையில் விழும். பெரும்பாலும் குற்றம் சூளையில்தான் நடந்திருக்கும்.

சில கட்டுப்பாட்டுக் கருவிகள் மணிக்கு 1 டிகிரிக்குக் குறைந்த வேகத்தை ஏற்காது. அப்போது வேகத்துக்குப் பதில் நேரத்தைக் கொடுங்கள்: 482-லிருந்து 427-க்கு 58 மணி 30 நிமிடம்.

ஃபாரன்ஹீட் பொறி

அமெரிக்கப் பட்டறைகளில் சூளைகள் ஃபாரன்ஹீட்டில் ஓடும். வெப்பநிலையை மாற்றுவது எளிது: 482 என்பது 900, 427 என்பது 800, 371 என்பது 700, 830 ஏறக்குறைய 1525. தவறு நேர்வது வேகத்தை மாற்றும்போது. மணிக்கு 3.8 டிகிரி என்பதைக் கைபேசியில் போட்டால் 38.8 என்று வரும், ஏனென்றால் அது 1.8-ஆல் பெருக்கி 32-ஐக் கூட்டுகிறது. வேகத்துக்கு 32 கூட்டக் கூடாது. சரியான எண் 6.8. கூட்டிவிட்டால் வார்ப்பு வேண்டியதைவிட ஐந்தரை மடங்குக்கும் அதிக வேகத்தில் ஆறும். கிளம்பும் முன்பே உங்கள் அட்டவணையை இரண்டு அளவிலும் எழுதி, ஒரு தாளில் ஒட்டி எடுத்துப்போங்கள். சூளை அறையில் இரவு பதினோரு மணிக்குக் கணக்குப் போடாதீர்கள்.

மின்வெட்டு

வீட்டில் பழகுகிறவர்களுக்கு இது. 3 கிலோவாட் சூளை 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும்; அதற்குத் தனி வயரிங், தனி எம்சிபி போட்டுக்கொள்ளுங்கள், ஏசி ஓடும் இணைப்பில் மாட்டாதீர்கள். மின்சாரம் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி கட்டுப்பாட்டுக் கருவியில் இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். ஆறும் கட்டத்தில் மின்சாரம் போனால் மூடியைத் திறக்காதீர்கள், செங்கல் தானாகவே சூட்டைப் பிடித்துவைக்கும். மின்சாரம் வந்ததும் என்ன சூட்டில் நிற்கிறது என்று பாருங்கள். அட்டவணையிலிருந்து சில டிகிரிதான் நழுவியிருந்தாலும் அப்படியே தொடரச் சொல்லாமல் மெதுவாக 482-க்குத் திரும்ப ஏற்றி, நிறுத்தும் நேரத்தை முதலிலிருந்து எண்ணுங்கள். 371-க்கும் கீழே போயிருந்தால் ஏற்றும் வேகத்தில் இன்னும் நிதானம் வேண்டும், அட்டவணையின் கடைசி இறங்குவேகமே ஏறுவேகத்துக்கும் பாதுகாப்பான அளவு.

தேய்ப்பு

கையால் தொட்டால் வெதுவெதுப்புக்கூடத் தெரியாத வரை அச்சை உடைக்காதீர்கள். உடைத்ததும் குழாயடியில் கழுவ ஓடாதீர்கள். தண்ணீரும் கண்ணாடியும் ஒரே அறையில் ஒரு இரவு இருக்கட்டும். அச்சின் வாயில் மிஞ்சி நிற்கும் கண்ணாடித் தண்டை வைரச் சக்கரத்தால் அறுத்து, 60-ல் (எண் ஏற ஏற மணல் நுண்மையாகும்) தொடங்கி 120, 220, 400, 600 என்று வைரப் பட்டைகளில் ஏறி, பியூமிஸ் கல்தூள், கடைசியில் சீரியம் ஆக்சைடு. எந்தக் கட்டத்திலும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்த கட்டத்துக்குப் போகும் முன் மார்க்கர் பேனாவால் பரப்பு முழுவதும் கோடு கிழித்து, மை எல்லா இடத்திலும் ஒரேபோல் அழிகிறதா என்று பாருங்கள். பள்ளத்தில் மை தங்கினால் அங்கே முந்தைய கீறல் இருக்கிறது. கட்டத்துக்குக் கட்டம் கை, மேசை, வாளி எல்லாவற்றையும் கழுவுங்கள். 60-இன் ஒரு மணல் 400-இன் பட்டையில் ஏறிவிட்டால் நாள் முழுதும் செய்ததைத் திரும்பச் செய்ய வேண்டியதுதான்.

எல்லாவற்றையும் பளபளப்பாக்க வேண்டும் என்பதில்லை. ஒரு முகம் மட்டும் பாலிஷ், மீதி மணிமணியான மங்கல் என்று விட்டால் வெளிச்சம் உள்ளே நுழைந்து தங்கும். வார்ப்புக் கண்ணாடியின் அழகே அந்தத் தங்கல்தான் என்பது எங்கள் எண்ணம்.

பொதுப் பட்டறையில்

சூளை நேரத்தை வந்த முதல் நாளே பதிவுசெய்யுங்கள், மணிக்கணக்கோடு. 170 மணி நேரம் சூளையைப் பிடித்துக்கொள்வது மற்ற மூன்று பேரின் வேலையைத் தடுப்பதாகும்; உங்களைப்போல் அதே தடிமனில் வார்க்கிறவரோடு சேர்ந்து ஒரே சூளையில் வையுங்கள். இன்னொருவர் சூளையின் மூடியை, திரை அணைந்திருந்தாலும், கேட்காமல் திறக்காதீர்கள். பிளாஸ்டர் கழுவிய தண்ணீரைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். வாளியில் படியவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள்.

பக்கத்திலேயே ஊதும் பட்டறை இருக்கும், உதவிக்கு அழைப்பார்கள். போங்கள், அங்கேதான் நட்பு உண்டாகிறது. பருத்தி உடை, மூடிய செருப்பு, கட்டிய முடி; வளையல், நைலான் துப்பட்டா வேண்டாம். நைலான் உருகித் தோலில் ஒட்டும். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரை கேஃபர் என்பார்கள். அவருக்கும் சூடேற்றும் குளோரி ஹோலுக்கும் நடுவிலுள்ள பாதையில் நிற்காதீர்கள். குழாய் கையில் வந்தால் சுழற்றுவதை நிறுத்தாதீர்கள். நிறுத்திய நொடியில் கண்ணாடி ஒருபக்கம் சரியும். கீழே விழுந்த துண்டு சிவப்பாக இல்லை என்பதால் ஆறிவிட்டது என்று எடுக்காதீர்கள். 500 டிகிரியிலும் கண்ணாடி கண்ணுக்குச் சாதாரணமாகத்தான் தெரியும்.

விண்ணப்பமும் படமும்

தேர்வுக்குழு முதலில் பார்ப்பது படத்தை, வேலையை அல்ல. கண்ணாடியை முன்னாலிருந்து ஃபிளாஷ் அடித்து எடுத்தால் தேர்வாளர் காண்பது விளக்கின் பிரதிபலிப்பைத்தான். மேலே கருஞ்சாம்பலிலிருந்து கீழே வெளுப்புவரை மங்கும் தாளை வளைத்துப் பின்னணியாக வைத்து, விளக்கை மேலிருந்தும் பின்னாலிருந்தும் மெல்லிய துணி வழியாகக் கொடுங்கள். உருவத்தின் இருபக்கமும், படத்துக்குள் வராதபடி, கறுப்பு அட்டை வைத்தால் விளிம்பு கறுப்புக் கோடாக எழுந்து நிற்கும். ஒரு முழுப்படம், ஒரு அண்மைப்படம், கையோ நாற்காலியோ சேர்த்து அளவு தெரியும்படி ஒன்று போதும். கூடவே ஆண்டு, முறை, உயரம் × அகலம் × ஆழம் செ.மீ.யில், எடை.

குறிப்புரையில் செய்முறையையும் நோக்கத்தையும் நேராக எழுதுங்கள். அரிக்கமேட்டு மணிகளையோ சோழர் சிற்பத்தையோ அலங்காரத்துக்கு இழுக்க வேண்டாம். இழுத்த குழலை நறுக்கி மணி செய்யும் அந்த முறையை உண்மையாகவே உங்கள் வேலையில் கையாண்டால் சொல்லுங்கள், அப்போது அதைவிட வலுவான வரி இல்லை.

கார்னிங் அருங்காட்சியகத்தின் நியூ கிளாஸ் ரிவ்யூ, தொயாமாவின் பன்னாட்டுக் கண்ணாடிக் கண்காட்சி போன்றவற்றுக்கு விண்ணப்பிக்கும்போது நிபந்தனையை வரிவரியாகப் படியுங்கள். சிலவற்றில் வேலை குறிப்பிட்ட ஆண்டுக்குள் செய்ததாக இருக்க வேண்டும், சிலவற்றில் வயது வரம்பு உண்டு, சில ஐரோப்பியப் பரிசுகள் அங்கே வசிப்பவர்களுக்கு மட்டும்.

அனுப்புவது

பாலிஷ் போட்ட பரப்பில் குமிழ்த்தாள் படக் கூடாது. வெயிலில் அதன் வட்டம் வட்டமான தடம் பதியும். அமிலமற்ற மெல்லிய தாளில் சுற்றி, பாலித்தீன் நுரைப் பலகையில் உருவத்தின் வடிவத்துக்கே குழி வெட்டி உட்காரவையுங்கள். எடை முழுவதும் அகன்ற உடலில் நிற்க வேண்டும், நீட்டிய மூக்கோ கைப்பிடியோ நுரையைத் தொடவே கூடாது. எல்லாப் பக்கமும் 5 செ.மீ. நுரை, அதற்கு வெளியே மரப்பெட்டி. ஆணி வேண்டாம், திருகு. சுத்தியலின் அதிர்ச்சி உள்ளே இருக்கும் கண்ணாடிக்குத்தான் போகும். திட மரத்தில் பெட்டி செய்தால் 56 டிகிரியில் அரை மணி நேரம் சுட்ட முத்திரை மரத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் துறைமுகத்தில் நிறுத்துவார்கள். பிளைவுட் பெட்டிக்கு இந்த நிபந்தனை இல்லை.

கண்காட்சி முடிந்து திரும்பி வரும் பொருளுக்கு ஏடிஏ கார்னே என்ற தற்காலிகச் சுங்க ஆவணம் எடுத்தால் அந்த நாட்டில் சுங்கம் கட்ட வேண்டாம். இந்தியாவில் ஃபிக்கி என்ற வர்த்தக சபைகளின் கூட்டமைப்பு வழங்குகிறது. ஓராண்டு செல்லும், பிணைத்தொகை கேட்பார்கள். விற்கும் எண்ணம் இருந்தால் கார்னே பொருந்தாது, விற்றால் சிக்கல். ஒவ்வொரு எல்லையிலும் முத்திரை குத்தப்பட்டதா என்று கொண்டுபோகிறவர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு முத்திரை விட்டுப்போனாலும் பிணைத்தொகை மாட்டிக்கொள்ளும். காப்பீட்டில் உடைதல் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள், கண்ணாடி என்றால் அதை மட்டும் விலக்கிவிடும் பாலிசிகள் உண்டு.

பிரிக்கும் வரிசையைப் படம் எடுத்து, எண் போட்டு, மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். திறப்பவருக்கு உங்கள் மொழி தெரியாது, படம் புரியும். அதன் மேலேயே பெரிய எழுத்தில், போய்ச் சேரும் நாட்டின் மொழியில், ஒரு வரி: வந்து சேர்ந்ததிலிருந்து 24 மணி நேரம், வைக்கப்போகும் அறையிலேயே, திறக்காமல் வைக்கவும்.